வைக்கோல் பிரி கட்டிய கழிகள்

மருமகள் வாங்கிக் கொடுத்த ஷூ எனக்கு அரை அளவு பெரிது. நுனியில் துணியை அடைத்துக்கொண்டு நடந்து பாருங்கள், தெரியும். முட்டி தேய்ந்துவிட்டது, தினமும் நடக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மொட்டை மாடியைச் சுற்றிச் சுற்றி அலுத்துப்போயிருந்த நேரத்தில் எங்கள் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் அந்த விளம்பரம் வந்தது. காவிரிக் கரையில் பாரம்பரிய நடை. ஞாயிறு காலை. சத்திரம், சுமைதாங்கி, பழைய மதகு, படித்துறை, சோழர் காலத்துக் கோயில். முடிவில் வாழையிலையில் டிபன். தொப்பி இலவசம்.

டிபனுக்காகத்தான் போனேன் என்று வீட்டில் சொல்லியிருக்கிறேன். நீங்களும் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். படத்தில் இருந்த சத்திரத்தைப் பார்த்ததும் எனக்கு வௌவால் நாற்றம் அடித்தது. போனைத் தள்ளி வைத்த பிறகும் அடித்தது. அந்த நாற்றத்தை மூக்கில் வாங்கிக்கொண்டு எத்தனையோ காலைகள் அந்தப் பக்கமாக நடந்திருக்கிறேன். மராட்டிய ராணி ஒருத்தி கட்டியது என்பார்கள். நான் பார்த்த காலத்தில் யாத்ரீகர்கள் யாரும் இல்லை, வௌவால்களும் சீட்டாடுகிறவர்களும்தான் இருந்தார்கள்.

கூட்டத்தை நடத்திப் போன பையனுக்கு அருண் என்று பெயர். இன்ஜினியரிங் முடித்துவிட்டு இந்த வேலையை எடுத்துச் செய்கிறான். நல்ல பிள்ளை, சும்மா சொல்லக் கூடாது. எனக்கு மட்டும் இரண்டு தடவை தண்ணீர் பாட்டில் கொண்டு வந்து கொடுத்தான். சத்திரத்துக்கு இப்போது சுண்ணாம்பு அடித்து, இரும்புக் கதவு போட்டு, வௌவாலைத் துரத்திவிட்டார்கள். நாற்றம் இல்லாத சத்திரத்தை எனக்கு அடையாளமே தெரியவில்லை. சுமைதாங்கிக் கல்லுக்கு வந்ததும், "இது அந்தக் கால லக்கேஜ் ஸ்டாண்ட்" என்றான் அருண். எல்லோரும் சிரித்தார்கள், படம் எடுத்துக்கொண்டார்கள். நானும் சிரித்தேன், ஆனால் கல்லைத் தொட்டுப் பார்க்காமல் தாண்டி வர முடியவில்லை.

அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் கரை உடைந்து கிடக்கிறது. ஆற்றுக்குள் இறங்கி, குறுக்கே நடந்து, அக்கரைப் படித்துறையில் ஏற வேண்டும். சித்திரை மாதம், ஆற்றில் பொட்டுத் தண்ணீர் இல்லை. ஆளுயர நாணலும் சீமைக் கருவேலும் மண்டியிருக்கிற நடுவில் வழி வெட்டி, இரண்டு பக்கமும் மூங்கில் கழி நட்டிருந்தார்கள். ஒவ்வொரு கழியின் தலையிலும் ஆரஞ்சு நிற ரிப்பன்.

"கழியப் பாத்து வந்தா போதுங்க. வழி தப்பாது" என்றான் அருண்.

எல்லோரும் இறங்கினார்கள். என் கால் இறங்கவில்லை.

*

எனக்கு முதல் வேலை தென்கரை நடுநிலைப் பள்ளியில். கணக்கு டீச்சர். பஸ் வடகரையோடு நின்றுவிடும். பாலம் வேண்டுமானால் கிழக்கே பல மைல் போக வேண்டும். ஆற்றைக் கடந்தால் கோயில், கோயிலைத் தாண்டினால் வயல், வயலுக்கு நடுவில் பள்ளிக்கூடம். எங்கள் தாத்தா காலத்தில் எங்களுக்கு அந்தப் பக்கம் நிலம் இருந்ததாம். அதைச் சொல்லிச் சொல்லியே வளர்த்தார்களே தவிர, ஆற்றில் கால் வைக்கக் கற்றுக் கொடுக்கவில்லை. டவுனில் வளர்ந்தவள் நான். குழாய்த் தண்ணீரைத் தவிர வேறு தண்ணீரோடு எனக்குப் பழக்கம் கிடையாது.

முதல் நாள் கரையில் நின்று விழித்துக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"புது டீச்சரா? செருப்பக் கழட்டிக் கையில வச்சுக்க. பொடவையத் தூக்கிச் செருவு. வெக்கமெல்லாம் அக்கரையில போயிப் படலாம்."

அதுதான் வசந்தா டீச்சர். என்னைவிடப் பத்து வயதுக்கு மேல் மூத்தவர். மூன்றாம் வகுப்பு அவரிடம். வாயைத் திறந்தால் மூட மாட்டார். வடகரையில்தான் வீடு. வீட்டுக்காரர் கலியமூர்த்திக்குத் தென்கரையில் குத்தகை நிலம். ஆக அந்தக் குடும்பமே ஆற்றுக்குள் பாதி நாள் இருக்கும். நான் வசந்தாக்கா என்று கூப்பிடத் தொடங்க ஒரு வாரம்கூட ஆகவில்லை.

பஸ் நிறுத்தத்திலிருந்து பள்ளிக்கூடம் வரை எங்களுக்குத் தினமும் ஒரு நடை. அருண் இன்றைக்குப் பணம் வாங்கிக்கொண்டு கூட்டிப்போகிற அதே வழி. சத்திரத்தருகே மூக்கைப் பொத்திக்கொள்வோம். மதகில் ஏதோ வெள்ளைக்காரன் பெயர் செதுக்கியிருக்கும், அதன் மேல் யாராவது துணி உலர்த்தியிருப்பார்கள். சுமைதாங்கியில் பைகளை இறக்கி வைத்து மூச்சு வாங்குவோம். பிள்ளைச் சுமையோடு இறந்துபோன பெண்ணுக்காக அந்தக் கல்லை நடுவார்கள் என்று எனக்குச் சொன்னதே வசந்தாக்காதான். "எவளோ, புண்ணியவதி. நம்ம பைய வைக்க எடம் குடுத்துட்டுப் போயிருக்கா" என்பார். பையில் எப்போதும் புளிச்சோறு இருக்கும். அதன் பெருங்காய வாசனை மூடி போட்ட டப்பாவைத் தாண்டி வரும். இன்றும் எந்த வீட்டில் புளிக்காய்ச்சல் கிளறினாலும் எனக்குக் கால் ஈரமாக இருக்கிற மாதிரி ஒரு நினைப்பு.

ஆடியிலிருந்து மார்கழி வரை அந்த நடை கிடையாது. ஆறு நிறைந்து போகும். பாலத்தைச் சுற்றி இரண்டு பஸ் மாறி, முதல் பீரியட் முடிந்த பிறகு போய்ச் சேருவோம். தலைமை ஆசிரியர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு ஆற்றையும் பார்ப்பார், எங்களை ஒன்றும் சொல்ல மாட்டார். பொங்கல் கழிந்ததும் தண்ணீர் வடிந்து, முறை வைத்து விடத் தொடங்குவார்கள். சில நாள் தண்ணீர் வரும், சில நாள் வராது. வந்தால் முழங்கால் அளவு. அப்போதுதான் கழி நடுகிற வேலை.

இதை உங்களுக்குக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். வெள்ளம் ஒவ்வொரு வருஷமும் ஆற்றின் அடியை மாற்றிப் போட்டுவிட்டுப் போகும். போன வருஷம் கெட்டியாக இருந்த இடம் இந்த வருஷம் புதைமணலாக இருக்கும். ஆகவே யாராவது ஒருவர் முதலில் இறங்கி, பாதத்தால் தடவித் தடவி, கெட்டித் தரையைக் கண்டுபிடித்து, அதன் ஓரமாக மூங்கில் கழிகளை நட்டு வர வேண்டும். பனியிலும் கண்ணுக்குத் தெரிய, கழியின் தலையில் புது வைக்கோலைப் பிரியாகத் திரித்துக் கட்டுவார்கள். அப்புறம் அந்த ஊரில் யாரும் தரையைப் பார்ப்பதில்லை. பால்காரர், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள், நாற்றுக்கட்டுத் தூக்கிப் போகிற பெண்கள் என்று எல்லோரும் கழியைப் பார்த்துதான் நடப்பார்கள். சித்திரையில் ஏழூர்ச் சாமிகள் ஒன்றையொன்று பார்த்துவர பல்லக்கில் கிளம்பும்போதும் அதே தடத்தில்தான் ஆற்றைக் கடக்கும். பல்லக்குத் தூக்குகிறவர்களுக்குக் கீழே குனிந்து பார்க்க முடியாது, கழி ஒன்றுதான் அவர்களுக்குக் கண்.

அந்த வேலையைக் கலியமூர்த்தி அண்ணன் செய்துவந்தார். யாரும் அவரைக் கேட்டு ஒப்படைக்கவில்லை. வசந்தாக்கா பள்ளிக்கூடம் போகவேண்டும் என்று முதல் வருஷம் நட்டார். மறு வருஷம் பொங்கல் கழிந்ததும் ஊரே அவரைப் பார்த்தது, அவ்வளவுதான். ஒல்லியான, அதிகம் பேசாத மனிதர். வீட்டுப் பேச்சு மொத்தமும் வசந்தாக்கா பங்குக்குப் போய்விட்டதால் அவருக்கு மிச்சம் இல்லை என்று நான் கேலி செய்வேன். அவர் நட்டுக்கொண்டு போக, பின்னாலேயே வசந்தாக்கா குங்குமச் சிமிழோடு போவார். ஒவ்வொரு கழிக்கும் மஞ்சள் தடவி, குங்குமம் வைப்பார்.

"கழிக்கெல்லாம் எதுக்குக்கா பொட்டு?"

"எம் புருஷன் நட்டது. வெறும் நெத்தியா நிக்கலாமா?"

அண்ணன் காதில் விழாத மாதிரி அடுத்த கழியை ஊன்றிக்கொண்டிருப்பார்.

*

மணல் லாரி எந்த வருஷம் வந்தது என்று எனக்குச் சரியாக ஞாபகம் இல்லை. முதலில் மாட்டு வண்டிகள் வந்தன, அது எப்போதும் உள்ளதுதான். அப்புறம் ஒரு நாள் கரையை வெட்டிச் சரித்து, தென்னை மட்டைகளைப் போட்டு, லாரி இறங்குகிற மாதிரி பாதை போட்டிருந்தார்கள். ஊரில் ஒருவருக்கும் அது கெட்ட சகுனமாகத் தெரியவில்லை. நாலு பேருக்கு வேலை கிடைத்தது, டீக்கடை இரண்டு முளைத்தது. குவாரி எங்கள் தடத்துக்கு மேற்கே வெகு தூரத்தில் இருந்தது. பொக்லைன் சத்தம் வகுப்பறை வரைக்கும் கேட்கும். வாய்ப்பாடு சொல்லும்போது பிள்ளைகள் அந்தத் தாளத்துக்குத் தலையாட்டும். எனக்கும் அது வேடிக்கையாகத்தான் இருந்தது.

அந்த வருஷம் நடவு பிந்திப்போனதால் மாசி வரைக்கும் முறைத் தண்ணீர் விட்டார்கள். முதலில் அறுத்தவர்கள் நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் கொட்டிக் காத்துக் கிடந்தார்கள். கலியமூர்த்தி அண்ணனும் தன் நெல் குவியலுக்குக் காவலாக, மெயின் ரோட்டில் தார்ப்பாய்க்கு அடியில் படுத்துக் கிடந்தார். சாப்பாட்டைத் தூக்கில் வசந்தாக்கா கொண்டுபோய்க் கொடுப்பார். சனி ஞாயிறு எங்களுக்குப் பள்ளி இல்லை. ஆற்றில் தண்ணீர் இல்லாத முறை. ஞாயிறு நடுராத்திரிக்கு மேல் தண்ணீர் வந்துவிட்டது.

திங்கட்கிழமை காலை ஆறு சேற்று நிறத்தில் கரைக்குக் கரை ஓடிக்கொண்டிருந்தது. முழங்கால் அளவுதான் இருக்கும் என்று இரண்டு பேருக்கும் தெரியும். கழிகள் வரிசையாக நின்றன, வைக்கோல் பிரி காற்றில் ஆடியது. எப்போதும் போல வசந்தாக்கா முன்னால், நான் பின்னால். செருப்பு கையில், பை தலையில். முந்தின நாள்தான் என்னைப் பெண் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள், அக்காவும் வந்திருந்தார், அதைப் பற்றித்தான் பேச்சு. அக்கா மாப்பிள்ளை வீட்டாரை ஒவ்வொருவராக உரித்துக்கொண்டு வந்தார்.

"மாப்பிள தேவல. ஆனா அந்த நாத்தனா இருக்காளே, அவ..." என்று சொல்லிக்கொண்டே என் பக்கம் திரும்பினார். அடுத்த கணம் அந்த இடத்தில் தண்ணீர்தான் இருந்தது.

ஒரு தடவை கை மேலே வந்தது. பிறகு தலை. என் பெயரைச் சொன்னாரா, வேறு ஏதாவது சொன்னாரா, தெரியாது. நீட்டுவதற்கு என் பக்கத்தில் அந்தக் கழி ஒன்றுதான் இருந்தது. இரண்டு ஆள் சேர்ந்து அசைத்தாலும் வராத கழி. நான் தொட்டதும் கையோடு வந்துவிட்டது. அடியில் ஈர மணல் உதிர்ந்தது. அதை நீட்டினேன். பிடிக்க அங்கே கை இல்லை. என் காலடியிலும் மணல் சரிந்தது. நான் பின்னால் நகர்ந்து நகர்ந்து கத்தினேன்.

கரையில் இருந்தவர்கள் குதித்தார்கள். வசந்தாக்காவுக்கு நீச்சல் தெரியும். சின்ன வயதிலிருந்து அந்த ஆற்றில் குளித்தவர். புடவை சுற்றிக்கொண்டு, சரிகிற மணல் மேலே விழுந்தால் நீச்சல் என்ன செய்யும். மத்தியானத்துக்கு மேல்தான் கிடைத்தார். அந்த நாத்தனார் எனக்கு வாய்த்து இத்தனை வருஷம் ஆகிறது, அவரைப் பற்றி அக்கா என்ன சொல்ல வந்தார் என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

*

விசாரணை கோயில் வாசலில் நடந்தது. தாசில்தார் ஆபீஸ் ஆட்கள், போலீஸ், ஊர்க்காரர்கள். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி, தண்ணீர் வருவதற்குள், குவாரி எல்லையைத் தாண்டி வந்து, எங்கள் தடத்தைக் குறுக்கே தோண்டியிருக்கிறார்கள். பொக்லைன் ஓட்டியவனைக் கூட்டிவந்து நிறுத்தினார்கள். மேற்கத்தி ஊர்க்காரன். வயசுப் பையன், மீசைகூட இன்னும் சரியாகக் கறுக்கவில்லை. அடித்திருந்தார்கள் போல, ஒரு கண் வீங்கியிருந்தது.

"கழிய ஏண்டா புடுங்குன?" என்று கேட்டார்கள்.

"பக்கெட்டுக்கு மறிச்சுதுங்க. மஞ்சக் குங்குமம் இருந்துதுங்க. ஏதோ வேண்டுதல்னு நெனச்சேன். சாமி குத்தம் வேணாமுன்னு, வேல முடிஞ்சதும் இருந்த எடத்துலயே திரும்ப நட்டுட்டுப் போனேங்க. கும்புட்டுட்டுத்தானுங்க போனேன்."

பிடுங்கிப் போட்டுவிட்டுப் போயிருந்தால் எங்களுக்கு வழி போய்விட்டது என்று தெரிந்திருக்கும், கரையிலேயே நின்றிருப்போம். அவன் மரியாதை செய்திருக்கிறான். அக்கா வைத்த பொட்டைப் பார்த்து மரியாதை செய்திருக்கிறான். இதை நினைக்கும்போது யார் மேல் கோபப்படுவது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. கோபம் மட்டும் இருக்கிறது.

கலியமூர்த்தி அண்ணன் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் எழுந்தபோது அடிக்கப் போகிறார் என்று எல்லோரும் நினைத்து வழி விட்டார்கள்.

"ஆழமா ஊனுனியா?" என்று கேட்டார்.

"ஆமாங்க. சாயாம இருக்கணும்னு நல்லா மிதிச்சு ஊனுனேங்க."

அண்ணன் தலையை ஆட்டிக்கொண்டு மறுபடி உட்கார்ந்துவிட்டார்.

கேஸ் நடந்தது. என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரியாது. குவாரி கொஞ்ச நாள் மூடியிருந்து, கிழக்கே இன்னொரு இடத்தில் திறந்தது. ஊர் வாய் சும்மா இருக்குமா. அக்கா பிறந்த வீட்டிலிருந்து வந்தவர்கள் பொக்லைன்காரனை விட்டுவிட்டு அண்ணனைப் பிடித்துக்கொண்டார்கள். "இவன் நட்ட கழிய நம்பித்தானே எறங்குனா" என்று அக்காவின் தம்பி காரியத்து வீட்டிலேயே கத்தினான். பதினாறாம் நாள் அண்ணன் ஆற்றில் இறங்கி, நின்ற கழிகள் எல்லாவற்றையும் பிடுங்கினார். கரையில் போட்டு எரித்தார். பச்சை மூங்கில் வெடிக்கிற சத்தம் கேட்டுத்தான் நாங்கள் போய்ப் பார்த்தோம். அவர் வாக்கை இனி ஊரில் யாரும் நம்ப மாட்டார்கள் என்று அவரே முடிவு செய்துவிட்டார் என்று எனக்குத் தோன்றியது.

நான் பாலத்தைச் சுற்றித்தான் போய்வந்தேன். மாற்றல் கேட்டு எழுதிப் போட்டிருந்தேன், கிடைக்கவில்லை. அடுத்த வருஷம் பொங்கல் கழிந்தது. தண்ணீர் வடிந்தது. கழி நட ஆள் இல்லை. பிள்ளைகள் பாதிப் பேர் பள்ளிக்கு வரவில்லை. ஒரு நாள் பஸ்ஸைத் தவறவிட்டுவிட்டுக் கரையில் வந்து நின்றேன், என்ன செய்வது என்று தெரியாமல். கீழே ஆற்றுக்குள் அண்ணன் நின்றுகொண்டிருந்தார். வேட்டியை மடித்துக் கட்டி, துண்டைத் தலையில் சுற்றி, வெறும் முதுகோடு. அவருக்குப் பின்னால் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ஒருவர் பின் ஒருவராக, ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டு.

என்னைப் பார்த்துவிட்டு நின்றார்.

"வாங்க டீச்சர்."

"கழி நடலியாண்ணே?"

"கழிய நம்பாதீங்க. என் முதுகப் பாத்து வாங்க."

நான் இறங்கினேன். பயமாக இருந்தது, பொய் சொல்லவில்லை. அவர் ஒவ்வொரு அடியாக, பாதத்தால் தடவி, அழுத்தி, நின்று, பிறகுதான் அடுத்த அடியை வைத்தார். அந்த வேகத்தில் ஆற்றைக் கடக்க வெகு நேரம் ஆனது. நடுவில் ஓர் இடத்தில் கொஞ்சம் கிழக்கே ஒதுங்கிச் சுற்றினார். அது எந்த இடம் என்று எனக்குத் தெரியும். அக்கரை சேர்ந்ததும் ஒவ்வொரு தலையாகப் பார்த்துவிட்டு, அடுத்த கூட்டத்தைக் கூட்டிவரத் திரும்பிப் போனார்.

அதிலிருந்து ஆறு வடிந்த மாதங்களில் ஒவ்வொரு பள்ளி நாளும் அதே கதைதான். காலையில், சாயங்காலத்தில். மழை தூறினாலும் நிற்பார், காய்ச்சல் வந்தாலும் நிற்பார். பாதிக் குத்தகை நிலத்தை விட்டுவிட்டார். ஏழூர்ப் பல்லக்கு வந்தபோதும் கழி இல்லை, பல்லக்குக்கு முன்னால் அவர்தான். பல்லக்குத் தூக்கிகள் சாமியை விட்டுவிட்டு அவர் முதுகையே பார்த்துக்கொண்டு போனார்கள். அந்த முதுகு எனக்கு இன்னும் மனப்பாடம். வலது தோள்பட்டைக்குக் கீழே பழைய தழும்பு ஒன்று, நடு முதுகில் வரிவரியாக வெயில் சுருக்கம், தோல் கறுத்து உரிந்து. அவரோடு நான் பேசியதைவிட அந்த முதுகோடு நான் நடந்ததுதான் அதிகம். அக்காவின் தம்பி பிள்ளையும் அந்தப் பள்ளியில்தான் படித்தது. அந்தத் தம்பியே ஒரு நாள் பிள்ளையைக் கொண்டுவந்து கரையில் விட்டுவிட்டுத் திரும்பிப் போனதைப் பார்த்தேன். அண்ணன் அந்தப் பிள்ளையைத் தன் வேட்டி முனையைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார்.

*

அப்புறம் எங்கள் தடத்துக்குப் பக்கத்திலேயே பாலம் கட்டினார்கள். தென்கரைக்கே பஸ் போனது. அதற்குள் எனக்குக் கல்யாணமாகியிருந்தது, ஒரு வழியாக மாற்றலும் கிடைத்து, தஞ்சாவூருக்கு வந்துவிட்டேன். பாலம் வந்தது நல்லதுதான், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. பழைய காலத்தைப் பார்த்துக் கண்ணீர் விடுகிற ஆள் நான் இல்லை. ஈரப் புடவையோடு பாடம் நடத்தியவளுக்கு அதன் அருமை தெரியும்.

ஒரு தடவை பள்ளி ஆண்டு விழாவுக்கு அழைத்திருந்தார்கள். தை மாதம் என்று நினைக்கிறேன். காலை பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தேன். பாலத்தின் மேல் ஏறியதும் பழக்கத்தில் கண் கீழே போனது. ஆற்றில் முழங்கால் தண்ணீர். நடுவில் ஓர் ஆள், வெறும் முதுகோடு, மெதுவாக அடியெடுத்து வைத்துப் போய்க்கொண்டிருந்தார். பின்னால் யாரும் இல்லை. பிள்ளைகள் எல்லோரும் எனக்குப் பின் சீட்டில் கூச்சல் போட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் ஓர் இடத்தில் கிழக்கே ஒதுங்கினார். பிறகு நின்று, கூட்டம் ஒழுங்காக வருகிறதா என்று பார்ப்பது போலத் திரும்பிப் பார்த்தார். பஸ் அதற்குள் தென்கரை இறக்கத்தில் இறங்கிவிட்டது.

"அது யாரு தெரியுதா?" என்று பின் சீட்டுப் பெண்ணிடம் கேட்டேன்.

"அவரு தெனமும் போவாருங்க டீச்சர். கூப்புட்டாலும் பாலத்துல வரமாட்டாரு" என்றாள்.

விழாவில் என்ன பேசினேன் என்று எனக்கு நினைவில்லை. சாயங்காலம் ஆற்றங்கரைக்குப் போயிருக்க வேண்டும், போகவில்லை. பஸ் கிளம்புகிறது என்றார்கள், ஏறிவிட்டேன். சில வருஷங்களுக்குப் பிறகு அவர் போய்விட்டார் என்று யாரோ சொன்னார்கள். கட்டிலில்தான் போனாராம், ஆற்றில் இல்லை. அது எனக்கு ஏனோ ஆறுதலாக இருந்தது.

இப்போது பல்லக்கு டிராக்டரில் ஏறி பாலத்தின் மேல் போகிறது. ஆற்றில் மணலே இல்லை. அடி இறங்கிப்போய், களிமண் தெரிந்து, நாணல் மண்டிக் கிடக்கிறது. படித்துறையின் கடைசிப் படிக்கும் ஆற்றுத் தரைக்கும் நடுவில் ஓர் ஆள் மட்டம் இடைவெளி. அருணின் ஆட்கள் அங்கே இரும்பு ஏணி ஒன்று சாத்தி வைத்திருக்கிறார்கள். அவன் கையில் இருக்கிற வரைபடத்தில் சத்திரம் இருக்கிறது, சுமைதாங்கி இருக்கிறது, மதகு இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் ஒரு எண் போட்டிருக்கிறார்கள். நாங்கள் கடந்த இடம் நடை வழிக்குப் போட்ட பச்சைக் கோட்டுக்கு நடுவில் எங்கேயோ இருக்கிறது, அதற்கு எண் கிடையாது. சுமைதாங்கி மாதிரி அக்காவுக்கும் ஒரு கல் இருந்திருக்கலாம் என்று நினைப்பேன். ஆற்றுக்குள் கல் எங்கே நடுவது.

"ஆன்ட்டி, தரைதான். பயப்படாதீங்க" என்று கீழேயிருந்து அருண் கூப்பிட்டான். "கழியெல்லாம் காலைல நானே நட்டேன்."

அவனே நட்டிருக்கிறான். அது நிஜமாகவும் இருக்கும், நல்ல பிள்ளை. நான் முதல் கழியைப் பிடித்து அசைத்துப் பார்த்தேன். கெட்டியாகத்தான் இருந்தது. காலை நீட்டி, அந்தப் பெரிய ஷூவின் நுனியால் தரையைத் தடவினேன். காய்ந்த களிமண், வெடிப்பு விட்ட தரை. இதில் யார் முழுகப் போகிறார்கள். எனக்கு முன்னால் போனவர்களின் ஆரஞ்சுத் தொப்பிகள் நாணலுக்குள் ஒவ்வொன்றாக மறைந்துகொண்டிருந்தன.

"நீங்க போங்க தம்பி. நான் மெதுவா வர்றேன்" என்றேன்.

அவன் போன பிறகும் வெகு நேரம் அங்கேயே நின்றேன். கழிகள் எல்லாம் நேராக, ஒழுங்காக நின்றன. பார்த்துக்கொண்டு நடக்க எனக்கு முன்னால் ஒரு முதுகு இல்லை.